கல்யாணம் ஒரு நாள், படம் பிரிக்க ஒரு மாதம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் மயிலாடுதுறைப் பக்கத்து அன்பர் ஒருவர், மகள் கல்யாணம் முடிந்து நாலு மாதமாகியும் ஆல்பம் கைக்கு வரவில்லை என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தார். "பட்டனை அழுத்தினால் படம் விழுந்துவிடுகிறது. எடுத்ததை எல்லாம் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுக்க வேண்டியதுதானே, இதில் என்ன வேலை இருக்கிறது?" என்று கேட்டிருந்தார். அவர் சொன்ன ஸ்டூடியோ எங்களுடையது இல்லை. ஆனாலும் உறைத்தது. அவர் 'என்ன வேலை' என்று கேட்கிறாரே, அந்த வேலையைத்தான் 16 வருடமாக நான் செய்துகொண்டிருக்கிறேன்.

ஆடுதுறையில் எங்களுக்குச் சின்ன ஸ்டூடியோ. மாமனார் ஆரம்பித்தது. வீட்டுக்காரர் கேமராவைத் தூக்கிக்கொண்டு மண்டபம் மண்டபமாகப் போவார். அவர் கொண்டுவந்து மேஜையில் போடுகிற மெமரி கார்டைக் கம்ப்யூட்டரில் செருகுவதிலிருந்து ஆல்பம் டிசைன் முடிகிறவரை என் பொறுப்பு. கல்யாண வீட்டில் என்னை யாருக்கும் தெரியாது. எனக்கு எல்லோரையும் தெரியும். கும்பகோணம் பஸ்ஸில் ஒரு பெண் ஏறினால், இவளுக்கு இடது கன்னத்தில் பரு இருந்ததே, நாம்தானே எடுத்தோம் என்று ஞாபகம் வரும். அவள் என்னைத் தாண்டிப் போய் உட்கார்ந்துகொள்வாள்.

சரி, கணக்கைச் சொல்கிறேன். முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பில் ஆரம்பித்து மறுநாள் மதியப் பந்தி வரை இரண்டு கேமராவும் சேர்ந்து எடுப்பது 4,000 படம். மாமனார் காலத்தில் ஒரு ரோலுக்கு 36 படம். எட்டு ரோல் ஓடினால் அது பெரிய இடத்துக் கல்யாணம், 288 படம். ஒவ்வொரு கிளிக்குக்கும் காசு என்பதால், எடுக்கலாமா வேண்டாமா என்பதை அவர் கேமராவைக் கண்ணில் வைக்கும் முன்பே முடிவு செய்துவிடுவார். இப்போது கிளிக்குக்குக் காசில்லை. அந்த முடிவு மண்டபத்திலிருந்து கிளம்பி என் மேஜைக்கு வந்துவிட்டது. ஒரு படத்துக்கு மூன்று விநாடி என்று வெறுமனே பார்த்தாலே 4,000 படத்துக்கு மூன்று மணி இருபது நிமிடம். பெரிதாக்கி, கண் தெளிவாக விழுந்திருக்கிறதா, பக்கத்து ஆள் வாயைத் திறந்திருக்கிறாரா என்று பார்த்தால் படத்துக்கு அரை நிமிடம். மொத்தம் 33 மணி நேரம். இதில் இன்னும் ஒரு படத்தைக்கூடத் திருத்தவில்லை. 40 ஷீட் ஆல்பத்துக்குத் தேவை 200 படம். இருபதுக்கு ஒன்று தேறும்.

நான் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். களத்தில் நெல்லைத் தூற்றினால் பதரைக் காற்றே கொண்டுபோய்விடும். இதிலும் பதர் சீக்கிரம் போய்விடுகிறது. ஆடிய படம், இருட்டுப் படம், யாரோ குறுக்கே போன முதுகு என்று ஒரு எண்ணூறு கழியும். அப்புறம் இருப்பதெல்லாம் மணி. நெல்லிலிருந்து நெல்லைப் பொறுக்குகிற வேலை அது. அதற்கு எந்தக் காற்றும் உதவாது. கெட்டிமேளம் கொட்டுகிற அந்த ஒரு நிமிடத்துக்கு மட்டும் 90 படம் இருக்கும். ஒன்றில் பெண்ணின் முகம் அவ்வளவு அழகாக இருக்கும், மாப்பிள்ளை ஹோமப் புகையில் கண்ணை இடுக்கியிருப்பார். அடுத்ததில் மாப்பிள்ளை சரி, நாத்தனார் முடிச்சுப் போடுகிற கையை வீடியோக்காரரின் லைட் மறைக்கும். அதற்கடுத்ததில் எல்லாம் சரி, பின்னால் ஒரு பெரியவர் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார். கடைசியில் இரண்டு படத்தை எடுத்து ஒன்றின் தலையை இன்னொன்றில் வைப்போம். எங்கள் தொழிலில் இதற்குத் தலை மாற்றுவது என்றே பெயர். கேட்பவர்களுக்கு விநாயகர் கதை ஞாபகம் வரும்.

வரிசைப்படுத்துவது தனிக் கூத்து. இரண்டு கேமராவின் கடிகாரமும் ஒரே நேரம் காட்டினால்தான் படங்கள் ஒழுங்காக வரும். ஒருமுறை உதவியாளர் பையனின் கேமரா ஏழு நிமிடம் பின்தங்கி ஓடியிருக்கிறது. நேரவாரியாக அடுக்கிப் பார்த்தால் மாப்பிள்ளை மெட்டி போட்டுவிட்டு வந்து தாலி கட்டுகிறார். இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். அட்சதை காற்றில் நிற்கிற படம் இரண்டு கேமராவிலும் கட்டாயம் இருக்கும். அரிசி தலைக்கு மேலே எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்த்து, ஒன்றோடு ஒன்றைப் பொருத்தி, வித்தியாசத்தைக் கணக்குப் போட்டு, ஒரு கேமராவின் படங்கள் அத்தனைக்கும் ஏழு நிமிடம் கூட்டினேன். மெட்டி தன் இடத்துக்குப் போனது.

நிறத்தைப் பற்றி எழுதினால் உங்கள் பக்கம் முழுக்க நிரம்பிவிடும். மண்டபங்களில் இப்போது மேடைக்கு ஊதா, ரோஸ், நீலம் என்று எல்.ஈ.டி. விளக்கு போடுகிறார்கள். நேரில் பார்க்க ஜோர். கேமராவில் மணப்பெண்ணின் பாதி முகம் கத்தரிக்காய் நிறத்தில் விழும். பழைய மண்டபமாக இருந்தால் ஹாலஜன் விளக்கு. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற கணக்கில் அளப்பார்கள். ஹாலஜன் 3,200 கெல்வின், எங்கள் ஃபிளாஷ் 5,500. ஒரே முகத்தில் ஒரு பக்கம் மஞ்சள், ஒரு பக்கம் நீலம். சரி, மஞ்சளைக் குறைப்போம் என்று குறைத்தால் முகம் சரியாகும், தாலிக் கயிறு வெளுத்துவிடும். மஞ்சள் தேய்த்த கயிறு வெள்ளை நூலாகத் தெரிகிற ஆல்பத்தை எந்த மாமியாரிடம் கொடுப்பது? முகத்துக்குத் தனியாக, கயிற்றுக்குத் தனியாக, குங்குமத்துக்குத் தனியாகத் தொட வேண்டும். பட்டு அதைவிடத் தொல்லை. திருபுவனம் பக்கத்திலேயே இருப்பதால் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பட்டின் நிறம் அத்துப்படி. அரக்கு கொஞ்சம் சிவப்பாகத் தெரிந்தாலும் "இது என் பொண்ணு புடவையே இல்லை" என்பார்கள். ஒருமுறை அப்படித் திருப்பி அனுப்பினார்கள். அதிலிருந்து, முடிந்தால் முகூர்த்தப் புடவையின் ரவிக்கைத் துணியில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, மானிட்டருக்குப் பக்கத்தில் குத்தி வைத்துக்கொள்கிறேன். இன்றைக்கு அங்கே மாம்பழ நிறத்தில் ஒன்றும் மயில் கழுத்து நிறத்தில் ஒன்றும் இருக்கின்றன.

எல்லாவற்றையும் அப்படியே கொடுத்துவிடலாமே என்கிற கேள்விக்கு இனிமேல்தான் வருகிறேன். பெண் என்பதால் இதை எழுத எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, சாப்பிடாமல், புகையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கிற பெண்ணின் மாராப்பு எப்போதும் ஒழுங்காக இருக்குமா? குனிந்து ஆசீர்வாதம் வாங்கும்போது, அம்மி மிதிக்கக் காலைத் தூக்கும்போது, வேகமாக அடிக்கிற கேமராவில் விழக்கூடாத படம் விழத்தான் செய்யும். எடுப்பவர் மேல் தப்பில்லை. கார்டு வந்ததும் நான் செய்கிற முதல் வேலை அவற்றைத் தேடி அழிப்பது. காப்பி எடுக்கும் முன்பே, வீட்டுக்காரர் பார்க்கும் முன்பே. பால் கொடுத்துக்கொண்டிருக்கும் அக்கா, சேலை விலகித் தூங்கிவிட்ட பாட்டி, பந்தியில் தட்டு போதாமல் சண்டை போட்ட சம்பந்தி, மணமேடைக்குப் பின்னால் தனியாக நின்று அழுத பெண்ணின் தங்கை, எல்லாம் போகும். எடுத்ததை எல்லாம் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தால் அது ஒரே நாளில் நாலு வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விடும். மயிலாடுதுறை அன்பரின் மகள் படத்தையும் யாரோ ஒருவர் இப்படிப் பார்த்து, அழித்துத்தான் கொடுத்திருப்பார். அந்த வேலை ஆல்பத்தில் தெரியாது. தெரிந்தால் அது வேலையே இல்லை.

இப்போது இதையெல்லாம் கம்ப்யூட்டரே பிரித்துத் தரும், ஏ.ஐ. வந்துவிட்டது என்கிறார்கள். நாங்களும் ஒரு மென்பொருளைப் போட்டுப் பார்த்தோம். ஆடிய படத்தை நன்றாகப் பிடிக்கிறது, ஒரே மாதிரிப் படங்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து வைக்கிறது, வேகத்துக்குக் குறையில்லை. ஆனால் கண்ணை மூடியிருந்தால் தள்ளிவிடு என்று அதற்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தாரை வார்க்கும்போது பெண்ணின் அப்பா கண்ணை மூடிக்கொண்டுதான் இருப்பார். நான் பார்த்த அப்பாக்களில் பாதிப் பேர் அப்படித்தான். அந்தப் படங்கள் அத்தனையையும் அது குப்பையில் போட்டு வைத்திருந்தது. ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தேன். அப்புறம் அது தள்ளியதை எல்லாம் திரும்பப் பார்க்காமல் விட மனசு வரவில்லை. ஆக, மிச்சமான நேரமும் போச்சு.

படத்தைத் தொட்டுத் திருத்துவது இந்தக் காலத்து ஏமாற்று வேலை என்றும் சிலர் பேசுகிறார்கள். 1858-ல் தஞ்சைப் பெரிய கோயிலைப் படமெடுத்த லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயக் கேப்டன், அடித்தளத்தைச் சுற்றி ஓடுகிற கல்வெட்டைத் துண்டு துண்டாக எடுத்து 21 படங்களை ஒன்றாக ஒட்டி நீட்டமாக்கினார். அந்தக் காலத்துக் காகித நெகட்டிவில் வானம் சரியாக விழாது என்பதால், சில படங்களில் மேகத்தை நெகட்டிவிலேயே கையால் தீட்டிச் சேர்த்தார். வீட்டுக்காரர் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். மாமனாரும் ஊட்டித் தொழிற்சாலையில் தயாரான 'இந்து' ஃபிலிமில் எடுத்துவிட்டு, ராத்திரி நெகட்டிவைச் சாய்வுப் பலகையில் வைத்து, கீழே விளக்கைப் பொருத்தி, கூராகச் சீவிய பென்சிலால் அம்மைத் தழும்புகளை ஒவ்வொன்றாக அடைப்பாராம். ஒரு முகத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும் என்பார். அவர் பென்சில் சீவிய உப்புத்தாள் இன்னும் எங்கள் டிராயரில் கிடக்கிறது.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிக்காது. "கலரைக் கொஞ்சம் ஏத்திக் கொடும்மா" என்பார்கள். பெண்ணின் பெரியம்மாதான் பெரும்பாலும் கேட்பார், குரலைத் தாழ்த்தி. ஆரம்பத்தில் நானும் ஏற்றிக் கொடுத்தேன், தொழில் ஆயிற்றே. ஒரு பெண் ஆல்பத்தை வாங்க அவளே வந்தாள். நல்ல கருப்பு, களையான முகம். பத்துப் பன்னிரண்டு ஷீட் புரட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுல நான் எங்க இருக்கேன்?" என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. 11 ஷீட்டை எங்கள் செலவில் திரும்பப் பிரிண்ட் போட்டோம். இப்போதெல்லாம் பருவை எடுப்பேன், வியர்வையைத் துடைப்பேன். பரு அடுத்த மாதம் போய்விடும், நிறம் அவளுடையது. பெரியம்மாவிடம் "ஏத்தியாச்சு" என்று சொல்லிவிடுவேன். இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

இனித் தாமதத்துக்கு வருகிறேன். என் பங்கு வேலை மூன்று வாரத்தில் முடிந்து, 1,200 படத்தைக் கல்யாண வீட்டுக்கு அனுப்புவோம், 200 பொறுக்கித் தாருங்கள் என்று. அங்கேதான் வண்டி சேற்றில் இறங்கும். "எல்லாமே நல்லாத்தான் இருக்கு" என்று ஒரு பதில் வரும். பெண் மாப்பிள்ளையோடு சிங்கப்பூர் போயிருப்பாள். அவள் பார்க்க வேண்டும் என்பார்கள். அவள் பார்த்துச் சொன்னால், மாமியார் தன் அண்ணன் குடும்பத்துப் படம் ஒன்றுதான் இருக்கிறது என்பார். பெண் வீட்டுப் படம் எத்தனை, மாப்பிள்ளை வீட்டுப் படம் எத்தனை என்று எண்ணிப் பார்க்கிற சம்பந்திகள் உண்டு. அதற்கென்றே ஒரு நோட்டு வைத்து இரண்டு பக்கமும் கோடு போட்டுக்கொண்டு வருகிறேன், கபடி ஆட்டத்துக்குப் புள்ளி எழுதுகிற மாதிரி. போன வருடம் ஒரு வீட்டில் கல்யாண ஆல்பத்துக்குப் பட்டியல் வருவதற்குள் வளைகாப்பு வந்துவிட்டது. வளைகாப்பு ஆல்பம்தான் முதலில் போனது.

சித்தப்பா கதையையும் சொல்லிவிடுகிறேன். திருவிடைமருதூர்ப் பக்கம் ஒரு கல்யாணம். எல்லாம் நல்லபடியாக நடந்தது. பட்டியலும் வந்தது. டிசைன் பாதி முடிந்த நேரத்தில் பெண்ணின் அப்பா போன் செய்தார். "ஏம்மா, என் தம்பி எதுலயும் வரக்கூடாது." கல்யாணம் முடிந்த மறுவாரம் வரப்புத் தகராறு. தம்பி 14 படத்தில் இருந்தார். 13 படத்தை மாற்றிவிடலாம். ஒன்று முழுக் குடும்பமும் நிற்கிற குரூப் போட்டோ, அதற்கு மாற்றே கிடையாது. சரி என்று ஆளை எடுத்துவிட்டு, பின்னால் இருந்த வாழை மரத்தையும் திரையையும் இழுத்து அந்த இடத்தை மூடினேன். அரை நாள் ஆயிற்று. ஆல்பம் போய் ஒரு வாரம் கழித்து அந்த வீட்டுப் பெண் போனில் சிரிக்கிறாள். முன் வரிசையில் நின்ற எட்டு வயதுப் பையன் ஆல்பத்தைப் பார்த்துவிட்டு, "என் தோள்ல இருக்குறது யார் கை?" என்று கேட்டிருக்கிறான். ஆளை எடுத்தேன், அவர் பையன் தோளில் போட்டிருந்த கையை எடுக்க மறந்துவிட்டேன். மோதிரத்தோடு நாலு விரல் அப்படியே இருந்தது. பெண்ணின் அப்பாவிடம் சொன்னோம், மாற்றித் தருகிறோம் என்று. கொஞ்ச நேரம் பேசவில்லை. "இருக்கட்டும், விடு" என்றார்.

இரண்டு வருடம் கழித்துப் பேரனுக்குக் காதுகுத்து. அண்ணன் தம்பி சேர்ந்துவிட்டார்கள். பழைய குரூப் போட்டோவில் தம்பியைத் திரும்பச் சேர்க்க முடியுமா என்று கேட்டு ஆள் அனுப்பினார். ஹார்ட் டிஸ்கைத் தேடி, பழைய படத்தை எடுத்து, அந்த ஒரு ஷீட்டை மட்டும் புதிதாகப் போட்டுக் கொடுத்தேன். கை ஏற்கெனவே அங்கே இருந்ததால் வேலை சுலபம்.

அந்த ஹார்ட் டிஸ்க் விஷயத்தையும் சேர்த்து எழுத வேண்டும். 'ரா' படம், அதாவது கேமரா பதிந்தபடியே தருகிற மூலப் படம், ஒன்று 25 எம்.பி. என்றால் 4,000 படம் 100 ஜி.பி. ஆகிறது. வருடத்துக்கு 30 கல்யாணம் என்றால் 3 டி.பி. டிஸ்க் ஒன்று போய்விட்டால் என்ன செய்வது என்று இன்னொரு பிரதி. எங்கள் பீரோவில் பட்டுப்புடவை இருக்க வேண்டிய தட்டில் டிஸ்க்குகள் இருக்கின்றன. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு, வேதாரண்யம் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போன எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி ஆல்பத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். ஓடு பறந்து மழையில் நனைந்து, ஷீட்டெல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டி அடை மாதிரி ஆகியிருந்தது. நாலு வருடத்துப் பழைய கல்யாணம். படங்கள் எங்களிடம் இருந்தன. வைத்திருப்பதற்கு வாடகை என்று யாரிடமும் நாங்கள் வாங்கியதில்லை. கொட்டேஷனில் ஆல்பம், வீடியோ, டிரோன் என்று வரி வரியாக இருக்கும். படம் பிரிக்க, பார்க்க, அழிக்க, பாதுகாக்க என்று ஒரு வரியும் கிடையாது. அதைச் சேர்க்கச் சொல்லி வீட்டுக்காரரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். சேர்த்தால் பேரம் அங்கேதான் முதலில் விழும் என்கிறார். அவர் சொல்வதும் உண்மைதான்.

மயிலாடுதுறை அன்பருக்கு என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. கல்யாணத்துக்குச் சமையல்காரரைப் பார்க்க, பத்திரிகைக்குப் பிழை பார்க்க என்று ஒரு ஆளை நியமிப்பது போல, படம் பார்க்கவும் ஒருவரை நியமியுங்கள். இரண்டு வீட்டு உறவும் தெரிந்தவராக, முக்கியமாக யாருக்கு யாரோடு பேச்சில்லை என்று தெரிந்தவராக இருக்க வேண்டும். பெரும்பாலும் அது ஒரு அத்தையாக இருக்கும். கல்யாணம் முடிந்த மூன்றாவது வாரம் ஒரு நாள் மதியம் அவரை ஸ்டூடியோவுக்கு அனுப்பி, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரச் சொல்லுங்கள். எனக்குக் கண் தெளிவு தெரியும், நிறம் தெரியும். மூன்றாவது வரிசையில் ஓரமாக நிற்கிற கிழவர்தான் பெண்ணின் அப்பாவைப் படிக்க வைத்தவர் என்பது எனக்கு எப்படித் தெரியும்? போன தை மாதம் ஒரு அத்தை வந்தார். வெற்றிலைப் பெட்டியோடு உட்கார்ந்து, "இது வேணும், இது வேண்டாம், இவ என் நாத்தனார், இவளுக்குப் பெரிசா போடு, இல்லேன்னா பேச்சு வரும்" என்று நாலரை மணி நேரத்தில் 200 படத்தைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து பதினெட்டாம் நாள் ஆல்பம் அவர்கள் வீட்டில் இருந்தது. காபி என் செலவு.

கடிதம் நீண்டுவிட்டது. வேண்டாததை வெட்டிக்கொள்ளுங்கள். அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும், வருத்தப்பட மாட்டேன். கண் டாக்டர் இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை திரையை விட்டுத் தூரத்தில் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அப்படி ஜன்னல் வழியாகத் தென்னை மரத்தைப் பார்க்கிற இடைவெளிகளில்தான் இதை எழுதி முடித்தேன். வைகாசி, ஆனி முகூர்த்தம் முடிந்து ஆடி பிறந்துவிட்டது. ஊரே பதினெட்டாம் பெருக்குக்குத் தயாராகிறது. என் மேஜையில் ஏழு கல்யாணம் நிற்கிறது. முதல் கல்யாணத்தில் 1,140-வது படத்தில் இருக்கிறேன். இன்னும் மாப்பிள்ளையே மேடைக்கு வரவில்லை.

இப்படிக்கு,
ஸ்டூடியோக்காரர் வீட்டம்மா,
ஆடுதுறை.